ஆள் போதாத ஆட்டம்: மட்டக்களப்பின் எல்லை ஒழுங்கையொன்றில் ஊரவர் வரைந்த தரை ஓவியம்

மட்டக்களப்பு மாவட்டத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள எழுவான்கரையில், ஒரு தமிழ்க் கிராமமும் ஒரு முஸ்லிம் கிராமமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், இரு பக்கத்தவரும் சேர்ந்து ஒரு தரை ஓவியத்தை வரைந்தார்கள். அது தொடங்கிய நாளிலிருந்து இன்றுள்ள நிலை வரை நடந்தவற்றை, இதேபோன்ற வேலையில் இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அந்த முயற்சியைத் தொடங்கிய ஐவருள் நானும் இருந்தேன். கூட்டக் குறிப்புகளையும் அவதானக் குறிப்புகளையும் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சிறிய ஊரில் பெயர் ஒன்று அச்சில் வந்துவிட்டால், நடந்ததைப் பற்றிய பேச்சு நின்று, நடத்தியவரைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும்.

பின்னணி

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த நிலத்தின் அமைப்புத் தெரியும். இடது பக்கம் கடல், வலது பக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்த நிலத்தில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மீண்டும் தமிழ் ஊர் என்று ஊர்கள் கோத்துக் கிடக்கின்றன. பல இடங்களில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயலோ வெளியோ கிடையாது. ஓர் ஒழுங்கைதான் எல்லை. எங்கள் நிகழ்விடமும் அப்படியான ஓர் ஒழுங்கையின் வாவிக்கரை முனையில் இருக்கிறது.

அங்கே 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் அமைக்கப்பட்ட தற்காலிகக் குடில்களுக்கான பொது மண்டபத்தின் கொங்கிறீட்டுத் தளம் எஞ்சிக் கிடந்தது. மக்கள் நிரந்தர வீடுகளுக்குப் போனதும் கூரைத் தகடுகளும் மரங்களும் கழற்றப்பட்டன. ஏறத்தாழ 45 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட தளம் மட்டும் மிஞ்சியது. நிலம் பிரதேச சபைக்கு உரியது. ஒரு பக்கத்தில் முன்பள்ளியின் பின்மதில், மறுபக்கத்தில் ஒரு பெரிய பூவரசு, எஞ்சிய இரு பக்கமும் திறந்த வெளி. மாடுகள் படுக்கும், குப்பைப் பைகள் வந்து விழும்.

இரு ஊர்ப் பெரியவர்களுக்கும் இடையே தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. மீன், மரக்கறி, தையல், மேசன் வேலை என்று தொழில் வழியான உறவு அன்றாடம் நடந்தது. சிறுவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று வேறாக இருப்பதனால், ஒரே மொழியைப் பேசி ஒரே ஒழுங்கையின் இரு பக்கமும் வளரும் இரண்டு பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயது வரைக்கும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் இருப்பது இங்கே சாதாரணம். 1990 இல் போர்க்கால வன்முறைகளில் இரு சமூகத்தவரும் உயிர்களை இழந்தார்கள். அந்த ஆண்டைப் பற்றி இரு பக்க வீடுகளிலும் வேறு வேறாகச் சொல்லப்படுகிறது. 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், தொழில் உறவும் சில மாதங்கள் சுருங்கிப் போனது. ஒழுங்கையின் முனையில் மாலையில் நின்று கதைக்கும் பழக்கம் அப்போது நின்றுபோனதைப் பலரும் எங்களிடம் குறிப்பிட்டார்கள்.

தொடங்கியவர்கள் ஐவர்: ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவர், மறுபக்கத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர், இரு ஊரிலும் வீடு கட்டிய மேசன் ஒருவர், கட்புலக் கலை படித்த இளைஞர் ஒருவர், நான்.

முதல் முயற்சி: மதில்

2019 இன் இறுதியில் நாடு முழுவதும் இளைஞர்கள் பொதுச் சுவர்களில் ஓவியம் வரைந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த உற்சாகம் எங்களையும் தொட்டது. ஓர் அமைப்பு சிறிய தொகை ஒன்றைத் தர இணங்கியது. முன்பள்ளியின் பின்மதிலில் புறாக்கள், கோத்த கைகள், வாவியின் மேல் உதிக்கும் சூரியன் ஆகியவற்றைக் கொண்ட பெரிய ஓவியம் ஒன்றை வெளியிலிருந்து வந்த மாணவர்கள் நேர்த்தியாக வரைந்து முடித்தார்கள். இரு ஊரிலிருந்தும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. திறப்பு விழாவில் இரு பக்கப் பெரியவர்களும் பக்கத்தில் பக்கத்தில் கதிரையில் இருந்தார்கள், படம் எடுத்தார்கள், குளிர்பானம் குடித்தார்கள், போனார்கள்.

அடுத்த இரண்டு வாரங்களும் காலையிலும் மாலையிலும் முறை வைத்துப் போய் இருந்து பார்த்தோம். முதல் சில நாட்கள் சிலர் மதிலின் முன் நின்று படம் எடுத்தார்கள். அதன் பின்னர் சைக்கிளில் போனவர்கள் தலை திருப்பவும் இல்லை. மறுப்பு எழாத ஓவியம் என்பதை நாங்கள் ஊர் ஏற்றுக்கொண்ட ஓவியம் என்று எடுத்துக்கொண்டது எங்கள் முதல் பிழை. அதில் ஊரவர் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பார்த்து முடித்தால் வேலை முடிந்தது.

தளத்தில் கவனித்தவை

மதிலைப் பார்க்கப் போன எங்களுக்கு, தளத்தைப் பார்க்கச் சில நாள் எடுத்தது. இந்த ஆய்வில் பயனுள்ள பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மாலை, தமிழ்ப் பக்கத்துப் பையன்கள் கிறிக்கெட் விளையாட வந்து, அடுப்புக் கரியால் மதிலில் மூன்று விக்கெட் கோடுகளை இழுத்தார்கள். கோடுகள் ஒரு புறாவின் வயிற்றின் மேலாகப் போயின. நிதி தந்த அமைப்பின் அலுவலர் அதைப் பார்த்து மிகவும் மனம் வருந்தினார். ஓவியத்தைப் பாதுகாக்கக் கம்பி வேலி போடலாமா என்று கேட்டார். சித்திர ஆசிரியை மட்டும் அந்தக் கோடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மதிலில் இந்த ஊர்ப் பிள்ளை வரைந்தது இந்த மூன்று கோடுகளும்தான் என்றார்.

இரண்டாவது அவதானம் காலை நேரத்தில் கிடைத்தது. குர்ஆன் மத்ரஸா முடிந்து வரும் முஸ்லிம் சிறுமிகள், உடைந்த செங்கல் துண்டினால் தளத்தில் கட்டங்கள் கீறி, ஓட்டுத் துண்டை எறிந்து கெந்தி விளையாடினார்கள். அவர்கள் எட்டு மணிக்கு முன்னர் போய்விடுவார்கள். பையன்கள் வருவது நாலரைக்குப் பிறகு. ஒரே தளத்தை இரண்டு கூட்டங்கள் பயன்படுத்தின, ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தைக் கண்டதில்லை. ஆனால் கீறிய கட்டங்கள் மாலையிலும் அங்கே இருந்தன. ஒரு நாள் பந்து வாவிப் பக்கம் போய்விட, அதை எடுக்கப் போனவர்கள் திரும்பும் வரை காத்திருந்த பத்து வயதுப் பையன் ஒருவன் அந்தச் செங்கல் கட்டங்களில் ஒற்றைக் காலில் கெந்தினான். கடைசிக் கட்டத்தில் பெருவிரலால் கோட்டைத் தொட்டதும், யாரும் பார்க்காதபோதும், தானாகவே திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினான். யார் கீறியது என்று அவனுக்குத் தெரியாது. விதி மட்டும் தெரிந்திருந்தது.

அன்றிரவு எழுதிய குறிப்பில், மதிலை விட்டுத் தரைக்கு இறங்க வேண்டும் என்று இருக்கிறது.

முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

முன்பள்ளியில் இரு ஊர்ப் பெண்களையும் அழைத்துக் கூட்டம் ஒன்று வைத்தோம். என்ன வரையலாம் என்று கேட்கவில்லை. நீங்கள் சிறுவயதில் என்ன விளையாடினீர்கள் என்று கேட்டோம். கேள்வி மாறியதும் கூட்டத்தின் குரலே மாறியது. கிளித்தட்டு, கொக்கான், தாயம், கெந்தி விளையாடும் கட்டங்கள், ஆடு புலி என்று வரிசையாக வந்தன. எழுபது வயதைத் தாண்டிய இரண்டு மூதாட்டிகள், ஒருவர் ஒழுங்கையின் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம், கோடுகளில் நின்று மறிப்பவர்களைத் தாண்டி ஓடும் கிளித்தட்டுக்கு எத்தனை குறுக்குக் கோடு என்பதில் பிணங்கிக்கொண்டார்கள். “உங்கட ஊர்ல அப்பிடியாக்கும் கா, நாங்க ஒரு தட்டுக் கூட வெச்சித்தான் மறிக்கிற” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் எழும்பி வந்து, தன் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு, சீமெந்துத் தரையில் விரலால் கோடு காட்டினார். அந்தப் பிணக்குத் தீரவில்லை. கடைசிக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, விளையாடுபவர்கள் அன்றன்று சுண்ணக்கட்டியால் போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். விதியின் ஒரு பகுதியைத் திறந்து வைப்பது என்ற இந்த முடிவு அந்த இருவரின் பிணக்கிலிருந்து வந்தது.

ஆடு புலி ஆட்டத்தைப் பெரிதாக வரையலாம் என்றவர் மேசன். இந்த ஆட்டத்தில் 23 சந்திகள், 3 புலிகள், 15 ஆடுகள். பொதுவாக இருவர் இருந்து கல்லையும் கொட்டையையும் நகர்த்தி ஆடுவது. சந்திக்குச் சந்தி நான்கடி இடைவெளி விட்டு வரைந்தால் பிள்ளைகளே ஆடாகவும் புலியாகவும் நிற்கலாம் என்று அவர் சொன்னார். கணக்குப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது: ஆட்டத்துக்கு 18 பிள்ளைகள் வேண்டும், ஆட்டுவிப்பதற்கு இரு பெரியவர்கள் வேண்டும். ஒரு மாலையில் ஒரு பக்கத்திலிருந்து அத்தனை பேர் ஒருபோதும் வந்ததில்லை. பொருத்தமற்ற திட்டம் என்று சிலர் சொன்னார்கள். ஆசிரியைகள் இருவரும் அதையே காரணமாகக் காட்டி, இதைத்தான் வரைய வேண்டும் என்றார்கள். சேர்ந்து விளையாடுங்கள் என்று மதிலில் எழுதினால் யாரும் சேர்வதில்லை. ஆள் குறைந்தால் ஆடமுடியாத ஆட்டம் ஒன்று தரையில் கிடந்தால், குறைந்த ஆளைத் தேடி யாராவது போகத்தான் வேண்டும்.

உருவங்களைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம் என்பது பள்ளிவாசல் நிருவாகத்தினரின் கருத்து. கோயில் நிருவாகியான வண்ணக்கரோ, கோயிலுக்குரிய கோலம் எதையும் காலால் மிதிக்கும் இடத்தில் போடக்கூடாது என்றார். இரண்டும் நியாயமாகவே எங்களுக்குப் பட்டன. கரை வேலைப்பாட்டுக்குப் பன்பாயின் பின்னல் கோடுகளையும், வலைக் கண்ணிகளையும் எடுத்தோம். பன்பாய் இரு பக்க வீட்டிலும் விரிக்கப்படுகிறது. வலை இரு பக்கத்தவரும் வீசுவது. தடை என்று வந்தது ஓவியத்தை ஊருக்கு இன்னும் நெருக்கமாக்கியது.

வேலி வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம் என்பது அடுத்த முடிவு. இதற்கு வெளி உதாரணம் ஒன்றும் துணை நின்றது. போருக்குப் பிந்திய ஆம்ஸ்டர்டாமில் அல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 முதல் 1978 வரை வெறும் நிலத் துண்டுகளில் 700 க்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். மணற்குழி, வளைகம்பி, கல் உருளைகள் என்று எளிய வடிவங்களை வைத்து, பிள்ளைகள் அவற்றை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டார். மட்டக்களப்பிலேயே 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை மண்ணோடும் வண்ணத்தோடும் கதையோடும் ஒன்றாக இருக்க வைத்த அனுபவம் எங்களுக்கு அருகில் இருந்தது. அதற்கு ஒரு மதிலும் வாசலும் இருந்தன. போர்க்காலத்தில் அது தேவையும்கூட. எங்கள் தளத்துக்கு வாசல் இருந்தால் அது யாருடைய பக்கம் திறக்கிறது என்ற கேள்வி வரும். ஆகவே திறந்தே விட்டோம்.

பலகை இல்லை என்றதும் நிதி தந்த அமைப்பு விலகிக்கொண்டது. பிரதேச சபைக்குக் கொடுத்த கடிதத்தில், இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாகச் சொல்வதைக் குறிப்பிட்டோம். அனுமதி கிடைத்தது. பணம் இரு ஊரிலும் வீட்டுக்கு வீடு சேர்ந்தது. சிலர் காசுக்குப் பதில் மீதமிருந்த தீந்தை வாளியைக் கொண்டுவந்தார்கள்.

வரைந்த நாட்கள்

சிரமதானம் ஒரு ஞாயிறு காலை நடந்தது. தளத்தின் வெடிப்புகளை மேசன் பூசி அடைத்தார். புதுச் சீமெந்து 28 நாள் காயாமல் மேலே தீந்தை பூசக்கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்த ஒரு மாதப் பொறுமை எங்கள் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. வெளிச்சுவருக்குப் பூசும் எமல்ஷன் காலடிக்குத் தாங்காது, எனாமல் நனைந்தால் வழுக்கும். வீதிக் கோடுகளுக்குப் பயன்படும் வகைத் தீந்தையை வாங்கி, அது ஈரமாக இருக்கும்போதே அரித்த மணலை மேலே தூவினோம்.

கோடு போடுவதற்கு மேசன் நூலை நீலத்தில் தோய்த்து எடுத்தார். ஒரு முனையை ஒரு தமிழ்ச் சிறுமியும் மறு முனையை ஒரு முஸ்லிம் பையனும் தரையோடு அழுத்திப் பிடிக்க, அவர் நடுவில் குனிந்து நூலை இரண்டு விரலால் மேலே இழுத்து விட்டார். சுளீர் என்ற சத்தத்துடன் நேரான நீலக் கோடு ஒன்று தரையில் விழுந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சத்தமிட்டார்கள். அதன்பின் நூல் பிடிக்க வரிசை தொடங்கியது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பேர் வேண்டும். யாருடன் பிடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று நாள் வேலை ஐந்து நாள் நீண்டது, அதற்கு நூல் பிடிக்கும் வரிசையே காரணம்.

முதல் மாதங்கள்

முதல் ஒரு வாரம் ஒழுங்கின்றிப் போனது. பிள்ளைகள் ஆடு புலிக் கோடுகளின் மேல் ஓடினார்கள், சிறியவர்கள் சந்திகளில் இருந்தார்கள். பெரியவர்கள் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை, ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவரும் மறுபக்கத்து மீன் வியாபாரி ஒருவரும் பூவரசின் கீழ் நின்று பிள்ளைகளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே 11 பிள்ளைகள். ஆடு குறைந்தது. புலியாக நின்ற பையன், தபால் ஐயா சொல்லாமலே, ஒழுங்கைக்குள் ஓடிப்போய் ஒரு வீட்டுப் படலையில் நின்று “ஆடு காணாது, வாங்க” என்று கத்தினான். அவன் போனது தன் பக்கத்து வீட்டுக்கு அல்ல. கிட்டத்தில் பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு. அது மறுபக்கம். அங்கிருந்து நான்கு பேர் வந்தார்கள், அவர்களோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் உம்மாவும் வந்தார்.

இந்தக் காட்சி பிறகு பலமுறை நடந்தது. படலையில் நின்று ஆள் கூப்பிடுவது ஒரு வழக்கமாயிற்று. ஆட்டத்தின் முடிவு நேரமும் தானாக அமைந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எல்லோரும் கலைவார்கள்; தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளிலும் விளக்கு வைக்கும் நேரம் அதுவே.

பிழைகளும் இந்த மாதங்களில்தான் வெளிப்பட்டன. கரையோரத்தில் உடைந்த தரை ஓடுகளால் நாங்கள் பதித்திருந்த வேலைப்பாட்டின் ஒரு துண்டு பெயர்ந்து, ஒரு சிறுமியின் பாதத்தை வெட்டி, மூன்று தையல் போட வேண்டி வந்தது. அடுத்த நாளே மேசன் உளியோடு வந்து அத்தனை ஓடுகளையும் எடுத்தார். இருக்கைகளாக வைத்த வண்ணம் பூசிய பழைய டயர்களையும் எடுக்க வேண்டியிருந்தது. துளை போட்டிருந்தோம், ஆனால் டயரின் உள்வளைவில் ஒரு கை நீர் எப்போதும் தேங்கியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதில் நுளம்புக் குடம்பிகளைக் காட்டி, 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தை நினைவூட்டினார். டெங்கு பரவும் மாவட்டத்தில் நாங்கள் முதலிலேயே யோசித்திருக்க வேண்டிய விடயம் அது. மூன்றாவது, வண்ணம். கருநீலமும் மண்சிவப்பும் படத்தில் அழகாக இருந்தன. வறண்ட, வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சந்திகளில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பிள்ளைகள் வெள்ளைக் கோடுகளில் கால் வைத்துத் தாவித் தாவி வந்ததைப் பார்த்த பின்னரே எங்களுக்குப் புரிந்தது.

கிளித்தட்டில் எழுந்த சச்சரவு

நான்காம் மாதம் வரையில் கிளித்தட்டுக்கு அணி பிரிப்பது எப்படி என்று நாங்கள் யோசிக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகப் பிரிந்தார்கள். நாளடைவில் அந்தப் பிரிவு ஒழுங்கையின்படி ஆகிவிட்டது. எங்களுக்கு அது கண்ணில் படாமல் போனதற்கு, தளத்தில் இரு பக்கப் பிள்ளைகளும் நிறைந்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்ததே காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு மாலை, கோடுகளைக் கடந்து திரும்பி, அதாவது பழம் கொண்டுவந்த பையனை, மறிக்கும் அணியின் தலைவனான கிளி தொட்டதா இல்லையா என்பதில் வாக்குவாதம் வந்தது. தள்ளுமுள்ளாகி, ஒருவன் விழுந்து முழங்கை தேய்ந்தது. கால் மணி நேரத்துக்குள் இரு பக்கமும் அண்ணன்மார் வந்துவிட்டார்கள். தொலைபேசியில் போன செய்தியில் கிளித்தட்டு என்ற சொல்லே இல்லை. அவங்கட ஆட்கள் எங்கட பொடியனை அடித்துப்போட்டார்கள் என்பது மட்டுமே இருந்தது. 1990 ஐயும் 2019 ஐயும் நினைவில் வைத்திருக்கும் ஊர்களில் அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்கே உள்ளவர்கள் அறிவார்கள். வண்ணக்கரும் பள்ளிவாசல் நிருவாகத்தவர் ஒருவரும் அன்றிரவே தளத்துக்கு வந்து நின்றதால் கூட்டம் கலைந்தது. அவர்கள் இருவரும் ஓவியம் தொடர்பான கூட்டங்களில் முன்னரே பழகியிருந்தார்கள். ஒருவரின் தொலைபேசி எண் மற்றவரிடம் இருந்தது. அதைத் தவிர வேறு எந்த ஏற்பாடும் எங்களிடம் இருக்கவில்லை.

ஒரு வாரம் தளம் வெறுமையாகக் கிடந்தது. கூடிப் பேசியபோது, கிளித்தட்டை அழித்துவிடலாம் என்று மூவர் சொன்னார்கள். அதை மறுத்தவர், கண்ணகி அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டைக் கண்டிருந்த ஒரு முதியவர். அந்த விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, பிணைத்த கொம்புகளை ஒன்று முறியும் வரை இழுக்கும். பிரியாமல் விளையாட்டு இல்லை, எப்படிப் பிரிகிறோம் என்பதற்குத்தான் முறை வேண்டும் என்று அவர் சொன்னார். பிறகு, நாங்கள் எல்லோரும் சிறுவயதில் செய்த ஒன்றையே நினைவுபடுத்தினார். ஒத்த வயதும் ஒத்த பலமும் உள்ள இருவர் சோடி சேர்ந்து, தள்ளிப் போய், மாம்பழம், பலாப்பழம் என்று இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, தலைவனிடம் எந்தப் பழம் வேண்டும் என்று கேட்பது. அவன் கேட்ட பழம் அவனுக்கு, மற்றது எதிரணிக்கு. அந்த முறையில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தோம்: சோடி ஒழுங்கையின் இரு பக்கத்தையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

இதன் விளைவு நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேலாக இருந்தது. அணிகள் கலந்துவிட்டன என்பது ஒன்று. மற்றது, சோடி சேர்வதற்குத் தன் உயரம், தன் ஓட்டம் உள்ளவனை மறுபக்கத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரகசியப் பெயர் வைக்க இருவரும் தனியே போய்க் காதோடு காது பேச வேண்டும். பூவரசின் பின்னால் இரண்டு இரண்டாக நின்று குசுகுசுக்கும் பிள்ளைகளைப் பார்த்தபோது, ஓவியத்தில் நாங்கள் எங்கும் வரையாத ஒன்று அங்கே நடப்பதை உணர்ந்தேன்.

மாரிக்குப் பின்

கார்த்திகை, மார்கழி மழையில் வாவி ஏறித் தளத்தின் ஒரு பக்கத்தை மூடியது. நீர் வடிந்து பார்த்தபோது, கீழிருந்து ஏறிய உப்பீரத்தால் தீந்தை கொப்பளித்து, கை பட்டதும் உரிந்தது. ஆடு புலிக் கட்டத்தில் பாதி இல்லை. பல வருடம் தாங்கும் என்று சொல்லிப் பணம் சேர்த்த எங்களுக்கு அது பெரிய வெட்கம். இன்னும் விலை கூடிய தீந்தைக்கு மறுபடி யாரிடம் போவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களில், முன்பு கோடுகளுக்காகப் பிணங்கிய மூதாட்டிகளில் ஒருவர் சுண்ணாம்பைக் கரைத்து, தென்னம் மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கித் தூரிகை செய்து, பேரப்பிள்ளைகளோடு வந்து, மிஞ்சிய கோடுகளைத் தொட்டு அழிந்த கோடுகளை நிரப்பத் தொடங்கியிருந்தார். மற்றவர் அடுத்த நாள் வந்து, ஒரு தட்டுக் கோணலாகிவிட்டது என்று திருத்தினார்.

அதற்குப் பின்னர் நிலையான தீந்தை என்ற யோசனையைக் கைவிட்டோம். கோடுகள் வெள்ளைச் சுண்ணாம்பில், சந்திகள் செங்கல் தூள் கலந்த வெளிர் நிறத்தில். மழை முடிந்து தை, மாசியில் ஒரு நாள் எல்லோரும் வந்து வரைவது, இடையில் அழிந்தால் விளையாடுபவர்கள் தொட்டுக்கொள்வது என்று ஒழுங்காயிற்று. வெளிர் நிறத்தில் கால் சுடுவதும் குறைந்தது.

இன்றைய நிலை

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் இரு பக்கத்திலும் மாலை நேரத்தில் வருவதில்லை. பூவரசின் கீழ் தாயக் கட்டம் ஒன்றைத் தனியாக வரைந்து, பிற்பகலில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியதில் தாய்மாரும் பாட்டிமாரும் சோழியோடு வருகிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் சிலர் தாயாரோடு வந்து பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கிறிக்கெட் பையன்களின் இடத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்ற மனக்குறை இன்னும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. தளத்தில் பழகிய பிள்ளைகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறார்களா என்று கேட்டால், நான் நேரில் அறிந்தது ஆறு ஏழு வீடுகள் மட்டுமே.

நடந்த மாற்றத்தை எண்ணிக்கையால் காட்ட எனக்கு வழியில்லை. பெயர் தெரிந்திருக்கிறது. படலையில் நின்று கூப்பிடும்போது முன்பெல்லாம் “ஆடு காணாது” என்றுதான் கத்துவார்கள். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

மாற்றிச் செய்யக்கூடியவை

மறுபடி தொடங்கினால், மதில் ஓவியத்துக்குச் செலவான மாதங்களை வெறும் அவதானத்துக்குக் கொடுப்போம். செங்கல் துண்டும் அடுப்புக் கரியும் அங்கே முன்னரே வேலை செய்துகொண்டிருந்தன. அணி பிரிக்கும் முறையை ஆட்டத்தோடு சேர்த்து முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். அதைத் தற்செயலுக்கு விட்டது இந்த நிகழ்வின் மிகப் பாரதூரமான குறை. சச்சரவு வந்தால் யார் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதை எழுதி, இரு பக்கத்திலும் நால்வரிடம் கொடுத்துவைப்போம். ஓடு, டயர், கண்ணாடி எதையும் பதிக்க மாட்டோம். வண்ணத்தைத் தெரிவு செய்யுமுன், ஒரு சதுர அடியைப் பூசி, வெயிலில் காயவிட்டு, வெறுங்காலோடு ஏறி நின்று பார்ப்போம். கிறிக்கெட் பையன்களை முதல் கூட்டத்துக்கே அழைப்போம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி என்ன செய்வது என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை. அடுத்த வரைவு நாளுக்கு முன்னர் அவர்களோடு மட்டும், தாய்மாரும் நாங்களும் இல்லாமல், இரு ஆசிரியைகளும் இருந்து பேசுவது என்று கடந்த கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறோம். தளத்தின் வாவிப் பக்கத்தில் 10 அடி அகலமான ஒரு துண்டை அதுவரை ஒன்றும் வரையாமல் விட்டிருக்கிறோம்.